மேலேறிய விமானம் கீழிறங்குவதாகத் தெரிந்தபோது: வின்சென்ஸ் நிகழ்வு, 1988

1988 ஜூலை 3, ஞாயிறு காலை. ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 என்ற பயணிகள் விமானத்தை, ஹோர்முஸ் நீரிணையில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஏவுகணை வீசித் தகர்த்தது. விமானத்தில் இருந்த 290 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 66 பேர் குழந்தைகள். இந்தியர்கள் 10 பேர்.

இந்தச் சம்பவத்தை அரசியலாகப் பேசியவர்கள் நிறைய. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்குள் கிடக்கும் ஒரு முரண்பாட்டை மட்டும். கப்பலின் கணினி நாடாக்களில் பதிவானபடி, அந்த விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த நொடியிலிருந்து அடிபடும் வரை உயர்ந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் கப்பலின் போர்த் தகவல் அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர், விமானம் கப்பலை நோக்கி இறங்கி வருவதாகச் சொன்னார்கள். அன்று பதற்றத்தில் சொன்னது மட்டுமல்ல, பிறகு விசாரணையில் நிதானமாகக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள்.

பொய் சொன்னார்களா? விசாரணை நடத்திய ரியர் அட்மிரல் வில்லியம் ஃபோகார்ட்டி அப்படி முடிவு செய்யவில்லை. மன அழுத்தம், ஒரே வேலையில் கவனம் சிக்கிக்கொள்வது, தன்னையறியாமல் தகவலைத் திரித்துக்கொள்வது ஆகியவை இதில் பெரும் பங்கு வகித்திருக்கலாம் என்று அவருடைய அறிக்கை சொல்கிறது. ராணுவ அறிக்கை ஒன்றில் இப்படியொரு வாக்கியம் வருவது அபூர்வம். கருவி சரியாக வேலை செய்தது, ஆட்களும் பயிற்சி பெற்றவர்கள், இருந்தும் அவர்களுக்குத் தெரிந்தது வேறு என்று அது ஒப்புக்கொள்கிறது.

ஓராண்டாக ஊறிய பயம்

அந்த அறையில் இருந்த பயம் அன்று காலை பிறந்ததல்ல. ஈரானும் ஈராக்கும் 1980 முதல் மோதிக்கொண்டிருந்தன. வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை இரண்டு தரப்பும் தாக்கின. அமெரிக்கக் கடற்படை அங்கே காவலுக்கு நின்றது. 1987 மே 17 அன்று ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஈராக் விமானம் ஒன்று இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகளால் தாக்கியது. 37 மாலுமிகள் இறந்தார்கள். விமானம் நெருங்கி வருவது தெரிந்தும் ஸ்டார்க் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதன் கேப்டன் க்ளென் பிரிண்டல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, எதிரியின் நோக்கம் தெரிந்தாலே போதும் என்று விதிகள் அழுத்தமாகத் திருத்தப்பட்டன.

வளைகுடாவுக்குப் போன ஒவ்வொரு கேப்டனுக்கும் ஸ்டார்க்கின் கதை மனப்பாடம். சுட்டுத் தவறு செய்தால் விசாரணை வரும். சுடாமல் தவறு செய்தால் தன் ஆட்களின் பிணங்கள் வரும், கூடவே விசாரணையும் வரும்.

1988 ஏப்ரல் 14-ல் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற கப்பல் ஈரானியக் கண்ணிவெடியில் மோதியது. நான்கு நாள் கழித்து அமெரிக்கா பதிலடி கொடுத்தது. அந்தச் சூட்டில்தான் வின்சென்ஸ் வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டது. ஏஜிஸ் என்ற ரேடார், கணினி அமைப்பு பொருத்திய நவீனக் கப்பல் அது. ஒரே சமயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகளைக் கண்காணிக்கக்கூடியது. கேப்டன் வில் ராஜர்ஸ். பந்தர் அப்பாஸுக்கு ஈரான் எஃப்-14 போர் விமானங்களைக் கொண்டுவந்திருக்கிறது என்று உளவுத் தகவல் வந்திருந்தது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டித் தாக்குதல் நடக்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

பந்தர் அப்பாஸ் விமான நிலையம் ராணுவத்துக்கும் பயணிகளுக்கும் பொதுவானது. அங்கிருந்து கிளம்பும் எதுவும் எஃப்-14 ஆக இருக்கலாம் என்ற நினைப்பு எல்லார் மனத்திலும் இருந்தது.

ஏழு நிமிடம்

அன்று காலை வின்சென்ஸின் ஹெலிகாப்டரை ஈரானின் புரட்சிக் காவல் படைச் சிறு படகுகள் சுட்டன. கப்பல் அந்தப் படகுகளைத் துரத்திக்கொண்டு போய்ப் பீரங்கியால் சுட ஆரம்பித்தது. அந்த மாலுமிகளில் பலருக்கு உண்மையான சண்டை அதுதான் முதல் தடவை.

655-க்குக் குறித்த நேரம் காலை 9.50. கிளம்பியது 10.17-க்கு, 27 நிமிடம் தாமதமாக. கேப்டன் மோசன் ரெசாயன். ஆம்பர் 59 என்ற வழக்கமான பயணிகள் வான்தடத்தில் 14,000 அடிக்கு ஏறி, கொஞ்ச நேரத்தில் துபாயில் இறங்கிவிடும் சின்னப் பயணம். கீழே கடலில் சண்டை நடப்பது விமானத்துக்குத் தெரியாது.

கிளம்பிய கையோடு வின்சென்ஸின் ரேடாரில் விமானம் விழுந்தது. அடையாளம் பார்க்கும் மாலுமி மின்னணுச் சமிக்ஞை அனுப்பிக் கேட்டார். 6760 என்ற குறியீடு திரும்பி வந்தது. அது பயணிகள் விமானம் தரும் வகையைச் சேர்ந்தது. அவர் விமான அட்டவணையை எடுத்துப் புரட்டினார். அறை இருட்டு. பீரங்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் விளக்கு மினுக்கியது. வளைகுடாவில் நாட்டுக்கு நாடு கடிகாரம் வேறு; விமானமோ தாமதம். அட்டவணையில் பொருந்துகிற விமானம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

அடுத்துத்தான் பெரிய திருப்பம். அவர் திரையில் 1100 என்ற ராணுவக் குறியீடு தெரிந்ததாகச் சொன்னார். ஈரானின் எஃப்-14-களோடு அந்த எண்ணை அவர்கள் சம்பந்தப்படுத்தி வைத்திருந்தார்கள். நாடாக்களில் இந்த விமானத்திலிருந்து அப்படி ஒரு குறியீடு வந்ததாகப் பதிவே இல்லை. சமிக்ஞை கேட்கும் தூரக் குறியை விமானத்தோடு நகர்த்தாமல் விமான நிலையத்தின் மேலேயே விட்டுவிட்டதால், தரையில் நின்றிருந்த வேறொரு ராணுவ விமானத்தின் பதில் வந்திருக்கலாம் என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம்.

‘எஃப்-14’ என்ற பெயர் அறைக்குள் ஒலித்தது. ஒலித்ததும் ஒட்டிக்கொண்டது. பயணிகள் விமானமாக இருக்கலாம் என்று ஓர் அதிகாரி குரல் கொடுத்தார். கேட்டுக்கொண்டேன் என்பதுபோல் ராஜர்ஸ் கையை உயர்த்தினார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

இதற்கிடையில் முன்பக்கப் பீரங்கி பழுதானது. பின்பக்கப் பீரங்கியால் சுடுவதற்காகக் கப்பல் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் சட்டென்று திரும்ப, புத்தகங்களும் கட்டிவைக்காத சாமான்களும் மேசைகளிலிருந்து சரிந்து விழுந்தன. விமானத்துக்கு எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பாலானவை ராணுவ அலைவரிசையில் போனவை. பயணிகள் விமானத்தில் அதைக் கேட்க வசதியே கிடையாது. பொது அலைவரிசையில் போனவையும் அடையாளம் தெரியாத ஈரானிய விமானம் ஒன்றுக்கு விடுத்த அழைப்புகள். பந்தர் அப்பாஸ் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டு வழக்கமான தடத்தில் போகிற விமானி, அது தன்னைத்தான் என்று எப்படி எடுத்துக்கொள்வார்?

கடைசி நிமிடத்தில் ஒரு மாலுமி தூரத்தையும் உயரத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தூரம் குறைந்தது, அது உண்மை. உயரமும் குறைவதாகச் சொன்னார். 7,800 அடி வரை அந்தக் கணக்கு இறங்கியது. வேகம் கூடுவதாகவும் சொன்னார். நாடாவின்படி அப்போது விமானம் 12,000 அடி உயரத்தில், 380 நாட் வேகத்தில், இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

ராஜர்ஸ் உடனே சுடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 20 மைலில் சுடலாம் என்று இருந்தவர் அதைத் தள்ளிப்போட்டார். 10.24-க்கு ஏவுகணைக்கு அனுமதி தரும் சாவியைத் திருப்பினார். ஏவுகணையை இயக்கும் கன்சோலில் இருந்த இளம் அதிகாரி அந்தக் கடைசி நேரத்தில் தவறான பொத்தான்களைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அனுபவசாலி மாலுமி ஒருவர் எட்டிச் சரியானதை அழுத்த வேண்டியிருந்தது. விமானம் வானில் இருந்தது ஏழு நிமிடம்தான்.

எண் தெரிந்தது, திசை தெரியவில்லை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இங்கே இருந்தது இருட்டல்ல. எண்கள் பளிச்சென்று ஒளிர்ந்த திரை. அப்படிப்பட்ட இடத்தில் பயம் எந்த வழியாக உள்ளே புகுந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஏஜிஸின் பெரிய திரைகளில் விமானம் இருக்கும் இடம் தெரியும், அது நகரும் திக்கு தெரியும். உயரம் தெரியாது. அதற்குப் பக்கத்திலுள்ள சின்னத் திரையில் எண்ணைப் படிக்க வேண்டும். அந்த எண்ணும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லாது. முன்பு பார்த்த எண்ணை நினைவில் வைத்து, இப்போதைய எண்ணோடு ஒப்பிட்டு, ஆள்தான் முடிவுக்கு வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்தால் இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பீரங்கி முழங்க, காதுக்குள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச, எதிரே வருவது எஃப்-14 என்று ஏற்கெனவே முடிவாகிவிட்ட நிலையில், நினைவில் இருக்கும் பழைய எண்ணை யார் நம்புவது? தாக்க வரும் போர் விமானம் இறங்கித்தான் வரும். அந்தக் கதைக்குத் தேவையான திசையை மனம் தானே போட்டுக்கொண்டது.

ஜே. ஏ. ஈஸ்டர்புரூக் 1959-ல் எழுதிய கட்டுரை உளவியல் துறையில் இன்றும் பேசப்படுகிறது. உணர்ச்சிக் கொந்தளிப்பு ஏற ஏற, மனிதன் பயன்படுத்திக்கொள்ளும் குறிப்புகளின் எண்ணிக்கை சுருங்கும் என்பது அவர் வாதம். முக்கியம் என்று மனம் நினைப்பது தங்கும், மற்றவை ஓரத்திலிருந்து உதிரும். வின்சென்ஸில் உதிர்ந்தவை எவை என்று பாருங்கள்: 6760 என்ற குறியீடு, விமானம் பயணிகள் தடத்துக்குள்தான் போகிறது என்பது, ஏறும் எண்கள். தங்கியவை: பந்தர் அப்பாஸ், பதில் இல்லை, நெருங்குகிறது.

இன்னும் பொருத்தமானது ஜோலி பாமனும் டேவிட் டிஸ்டெனோவும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் கையில் இருப்பது துப்பாக்கியா, சாதாரணப் பொருளா என்று படங்களைப் பார்த்து வேகமாகச் சொல்ல வேண்டும். கோபமூட்டப்பட்டவர்கள் சாதாரணப் பொருளைத் துப்பாக்கி என்று அதிகம் சொன்னார்கள். மகிழ்ச்சியோ சோகமோ அப்படிச் செய்யவில்லை. வெறும் பதற்றம் என்றால் எந்த உணர்ச்சியும் கெடுத்திருக்க வேண்டும் அல்லவா? கோபம் மாற்றியது எதிர்பார்ப்பை. இப்போது துப்பாக்கி வரும் என்ற எதிர்பார்ப்பு கூடிவிட, அரைகுறையாகத் தெரிந்தது துப்பாக்கியாகிவிட்டது.

இந்தத் துறையில் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. முதுகில் கனமான பை இருந்தால் மலைச்சரிவு செங்குத்தாகத் தெரியும் என்ற 1999-ம் ஆண்டு ஆய்வு வெகு பிரபலம். பை எதற்கென்று பங்கேற்றவர்கள் ஊகித்து, அதற்கேற்ப விடை சொன்னார்கள் என்று ஃபிராங்க் டர்ஜின் குழு 2009-ல் காட்டியது. உணர்ச்சி கண்ணையே மாற்றுகிறதா, அல்லது கண்டதைப் பற்றிய தீர்ப்பை மாற்றுகிறதா என்ற சண்டை ஓயவில்லை. வின்சென்ஸ் விஷயத்தில் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. திரையில் 11,000 என்று இருந்ததை அவர்கள் கண் வேறாகக் கண்டிருக்க வேண்டியதில்லை. பார்த்த எண்களைக் கோத்த நூல் வேறு, அவ்வளவுதான்.

பிறகு வந்த ஆய்வுகளில் இன்னொரு விளக்கமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. ரேடாரில் அடையாளம் வைத்துப் பின்தொடர்வதற்காக, விமானத்துக்கு முதலில் 4474 என்று தட எண் கொடுக்கப்பட்டது. கணினி சற்று நேரத்தில் அதை 4131 என்று மாற்றியது. பழைய 4474, தொலைவில் இறங்கிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க விமானத்துக்குப் போய்விட்டது. யாராவது பழைய எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தால், இறங்கும் உயரமே தெரிந்திருக்கும். இது உண்மையென்றால் பயத்தின் பங்கு குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று பல்லாயிரம் அடி கீழே தெரிந்தால், நிதானமாக இருப்பவனுக்கு முதலில் எண் மேல் சந்தேகம் வரும். அந்த அறையில் அது சந்தேகத்தைக் கிளப்பவில்லை. பயப்பட்டது சரிதான் என்று உறுதி செய்தது.

அதே விமானத்தைப் பார்த்த இன்னொரு கப்பல்

இந்த நிகழ்வை ஆய்வு என்ற அளவில் அரிதாக்குவது சைட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பல். வின்சென்ஸிலிருந்து ஏறக்குறைய 18 மைல் தள்ளி நின்றது. இரண்டுக்கும் தகவல் இணைப்பு இருந்தது. அதே கடற்படை, அதே உளவு எச்சரிக்கை, அதே ஸ்டார்க் கதை, வானில் அதே விமானம். கேப்டன் டேவிட் கார்ல்சன் அதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஏறுவதைச் சைட்ஸில் பார்த்தார்கள்.

வேறுபாடு என்ன? சைட்ஸ் படகுகளோடு சண்டையில் இல்லை. அதன் பீரங்கி வெடிக்கவில்லை, விளக்கு மினுக்கவில்லை, புத்தகம் சரியவில்லை. ஏஜிஸும் கிடையாது, கருவியில் சைட்ஸ்தான் ஏழை. சோதனைக்கூடத்தில் உணர்ச்சியை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒன்றாக வைக்க ஆய்வாளர்கள் படாத பாடு படுவார்கள். இங்கே கடலில் கிட்டத்தட்ட அது தானாகவே அமைந்துவிட்டது.

இனிமேல்தான் எனக்கு மனம் ஆறாத பகுதி. வின்சென்ஸ் சுடப்போவதாக அறிவித்ததைக் கார்ல்சன் கேட்டார். திகைத்தார். தடுக்கவில்லை. தன்னிடம் இல்லாத தகவல் ஏதோ ஏஜிஸ் கப்பலிடம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அவரே இதையெல்லாம் கடற்படை இதழில் எழுதினார். வின்சென்ஸின் முரட்டுத்தனத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண் சரியாகப் பார்த்ததை, பெரிய கப்பல் மீதிருந்த நம்பிக்கை அமுக்கிவிட்டது. பார்வையைக் கெடுப்பது பயம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் கார்ல்சனின் மௌனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பயந்தவர்கள் தவறாகப் பார்த்தார்கள். பயப்படாதவர் சரியாகப் பார்த்தும், தன் பார்வையைத் தானே குறைத்து மதிப்பிட்டார்.

பயம் சாக்காகுமா?

ஈரான் இந்த உளவியல் விளக்கத்தை ஏற்கவில்லை. தெரிந்தே சுட்டார்கள் என்பது அவர்கள் நிலை. பத்து இந்தியர்களின் குடும்பங்களும் சேர்த்து, இழந்தவர்களின் இடத்திலிருந்து பார்த்தால், ‘மன அழுத்தம்’ என்ற சொல் எவ்வளவு இலேசாக ஒலிக்கும் என்பது புரிகிறது.

எனக்கும் அந்த அறிக்கை மேல் ஒரு கோபம் உண்டு. மாலுமிகளின் மனத்துக்குள் நடந்ததை நுணுக்கமாக ஆராய்கிறது. அந்த மனங்களை அந்த நிலைக்குக் கொண்டுபோன முடிவுகளை மென்மையாகக் கடந்துபோகிறது. படகுகளைத் துரத்திக்கொண்டு வின்சென்ஸ் ஈரானின் கடல் எல்லைக்குள் புகுந்திருந்தது. முப்படைத் தலைவராக இருந்த அட்மிரல் வில்லியம் க்ரோ 1992-ல்தான் தொலைக்காட்சியில் அதை ஒப்புக்கொண்டார். பயணிகள் விமானங்கள் தினமும் போகிற தடத்தின் கீழே போய்ச் சண்டையை ஆரம்பித்தது பயத்தில் எடுத்த முடிவல்ல. அப்போது யாரும் பயந்திருக்கவில்லை. பயம் அதற்குப் பிறகு வந்தது, பார்வை அதற்கும் பிறகு கெட்டது. ஏழு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆராய்ந்தால் எல்லாரும் பாவம் என்றுதான் தோன்றும்.

வான் பாதுகாப்பை ஒருங்கிணைத்த ஓர் அதிகாரிக்குக் கண்டனக் கடிதம் பரிந்துரைக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் ஃபிராங்க் கார்லுச்சி அதையும் தள்ளிவிட்டார். ராஜர்ஸுக்கு 1990-ல் அவருடைய பணிக்காலத்துக்காக லீஜியன் ஆஃப் மெரிட் விருது கிடைத்தது. 1996-ல் ஈரான் தொடுத்த சர்வதேச நீதிமன்ற வழக்கை முடித்துக்கொள்ள, பலியான ஈரானியர்களின் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் தர அமெரிக்கா சம்மதித்தது. சம்பாதிப்பவருக்கு மூன்று லட்சம் டாலர், சம்பாதிக்காதவருக்கு ஒன்றரை லட்சம். குழந்தைகள் இரண்டாவது வகை.

திரையை மாற்றியது

1988 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உளவியலாளர்கள் சிலர் சாட்சி சொன்னார்கள். நெருக்கடியில் முடிவெடுப்பதை ஆராயக் கடற்படை ஒரு நீண்ட திட்டத்தையே 1990-ல் தொடங்கியது. அதில் வந்த மாதிரித் திரை ஒன்று எனக்குப் பிடித்தமானது. ஒரு விமானத்தை எதிரி என்று குறித்தால், அதற்கு ஆதரவான சான்றுகளை ஒரு பக்கத்திலும், எதிரான சான்றுகளை இன்னொரு பக்கத்திலும், நாமாக அனுமானித்தவற்றைத் தனியாகவும் அது வரிசைப்படுத்திக் காட்டும். பயப்படாதே என்று மாலுமியிடம் சொல்வதில் பயனில்லை என்பதை அதை வடிவமைத்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பயத்தில் உதிர்ந்துபோகும் குறிப்புகள் எவையோ அவற்றைக் கண்ணெதிரே பிடித்து நிறுத்துவதுதான் அவர்கள் செய்தது. கீழ்நிலை மாலுமி ஒருவர் மாற்றுக் கருத்தை எப்படிச் சொல்ல வேண்டும், அதைத் தலைமை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் குழுப் பயிற்சியில் சேர்ந்தது.

2020 ஜனவரி 8 அதிகாலை, இராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்களை ஈரான் தாக்கிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. பதிலடி எந்த நேரமும் வரலாம் என்று தெஹ்ரான் காத்திருந்தது. அப்போது தெஹ்ரானிலிருந்து கீவுக்குக் கிளம்பிய உக்ரைன் விமானம் 752-ஐ ஈரானின் வான் பாதுகாப்புப் பிரிவு ஒன்று க்ரூஸ் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டு சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள். மேலிடத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை, முடிவெடுக்கப் பத்து நொடிதான் இருந்தது என்று புரட்சிக் காவல் படையின் வான்படைத் தளபதி அமீர் அலி ஹாஜிசாதே மூன்று நாள் கழித்துச் சொன்னார். அந்த விமானமும் தாமதமாகக் கிளம்பியதுதான், ஏறிக்கொண்டிருந்ததுதான்.